தண்ணீருக்குத் தெரிந்த லெவல்

பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும். சென்னையின் மழைநீர் வடிகால் வேலையும் அந்த ரகம். 2023 டிசம்பருக்கு முந்தைய வெயிலில் அது தொண்ணூறு சதவீதத்தையும் தாண்டி நீண்டு கிடந்தது. மேடைக்கு மேடை விரித்துக் காட்டினார்கள். எவ்வளவு மழை வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று பேட்டி கொடுத்தார்கள். பிறகு மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் கொட்டியது. தெருவில் தண்ணீர் வடிவதற்குள் சதவீதம் வடிந்துவிட்டது: முடிந்திருப்பது 42 சதவீதம்தான் என்று துறை அமைச்சரே சொன்னார். கட்டிய வடிகாலில் பாதியை மழை அடித்துக்கொண்டு போய்விட்டதோ என்று நாங்கள் தெருமுனை வரை போய்த் தேடினோம். சிமென்ட் அப்படியேதான் இருந்தது. கணக்குதான் கரைந்திருந்தது.

விளக்கம் கேட்டால் கிடைக்கும், அதில் குறையே இல்லை. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனி வங்கியின் கடன். அடையாறு, கூவம் வடிநிலங்களுக்கு உலக வங்கியின் பணம். கடனுக்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு ஒரு சதவீதம். எந்தச் சதவீதத்தை எந்த மாதம் எடுத்துச் சொல்வது என்பது மேலே இருப்பவர்களின் வசதி. தன் தலைமேல் பெய்கிற மழை எந்த வங்கியின் கணக்கில் வருகிறது என்று விசாரிக்காமல் நனைந்தவன்தான் குற்றவாளி.

நாலாயிரம் கோடி எங்கே போயிற்று என்று எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்டது. கேட்கட்டும். அவர்கள் ஆண்டபோது போனது எங்கே என்று இவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதுவும் கேட்கட்டும். பணம் போன வழியை இந்த நாட்டில் யாரும் இதுவரை கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை. எங்களுடையது அதைவிடச் சின்னக் கேள்வி. தண்ணீர் எந்த வழியாகப் போகவேண்டும்?

எங்கள் தெருவில் வடிகால் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தென்சென்னையின் புறநகரில், முன்பு வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்து இப்போது 'நகர்' என்று முடிகிற பெயர் வாங்கிக்கொண்ட எத்தனையோ இடங்களில் ஒன்று எங்களுடையது. தெருவைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாயை உடைத்தார்கள், இன்டர்நெட் கேபிளை அறுத்தார்கள், கம்பி கட்டினார்கள், கம்பி துருப்பிடிக்கும்வரை விட்டுவைத்தார்கள், பிறகு ஒருநாள் கான்கிரீட் லாரி வந்தது. வடிகால் எழுந்தது. ஆம், எழுந்தது. அதன் மேல்தளம் சாலையைவிட ஒரு முழம் உயரம். பக்கவாட்டில் தண்ணீர் உள்ளே போக ஓட்டைகள். ஓட்டைகளும் அந்த உயரத்துக்குத் தக்கபடி மேலேதான். முதல் மழைக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிகாலுக்குள் எட்டிப் பார்த்தால் காய்ந்த தரை. ஒரு பூனை குட்டிகளோடு அங்கே பத்திரமாகப் படுத்திருந்தது. இந்தத் திட்டத்தால் பயனடைந்தவர்கள் பட்டியல் போட்டால் முதல் பெயர் அதுதான்.

வேலையைப் பார்க்க வந்த இளம் பொறியாளரைத் தெருக்கோடி வீட்டு மாமி பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, தண்ணி கீழ நிக்கறது, ஓட்டை மேல இருக்கு. தண்ணி ஏணி போட்டு ஏறணுமா?"

"ரோடு போடுவோம்ல, அப்போ லெவல் சரியாயிடும்மா."

"ரோடு ஒசந்தா தண்ணி எங்காத்துக்குள்ள வருமே?"

"அது உங்க சைடு. நீங்க ஒசத்திக்கணும்."

"சரி, இந்தக் கால்வா எங்க போய்ச் சேர்றது?"

அவர் கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்தார். எங்கள் தெருவின் கோடு முனை வரை போய் நின்றது. அதற்கப்புறம் வெள்ளைத் தாள். "அது அடுத்த பேக்கேஜ்ல வருதும்மா. அந்தப் பக்கம் வேற டிவிஷன். எஸ்டிமேட் போட்டுப் ப்ரபோசல் போயிருக்கு."

ப்ரபோசல் போயிருக்கிறது; தண்ணீர் போகவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் ஹெல்மெட்டோடு அலைகிறவர். அவருக்குக் கொடுத்தது ஒரு பேக்கேஜ், அதை முடித்தார். ஊருக்கு ஒரு வடிகால் வேண்டும் என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை. இத்தனை மீட்டர் கட்டு, இத்தனை மீட்டருக்குப் பில் போடு என்றுதான் சொன்னார்கள். தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் இல்லாமல் நடுவில் மட்டும் ஓடுகிற ஆற்றைச் சென்னைதான் கண்டுபிடித்தது. இப்படிப் பாதியில் நிற்கிற இடங்களுக்கு 'மிஸ்ஸிங் லிங்க்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு அவசரம் குறைந்துவிடுகிறது.

தூர் வாருவதையும் சொல்லியாக வேண்டும். பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில், ஆட்கள் வருவார்கள். மூடியைத் தூக்கி, கறுப்புச் சேற்றை அள்ளி, வடிகாலின் ஓரத்திலேயே குவித்துவைப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். லாரி நாளைக்கு வரும் என்பார்கள். லாரிக்கு முன் மழை வரும். குவியல் தானாகவே நடந்து மூடிக்குள் இறங்கிவிடும். அடுத்த செப்டம்பரில் அதே சேற்றை அதே வடிகாலிலிருந்து மறுபடி அள்ளி மறுபடி பில். எங்கள் தெருச் சேற்றைப்போல மக்கள் வரிப்பணத்தில் ஏறி இறங்கிப் பயணம் செய்த பொருள் வேறில்லை.

பொறியாளர் சொன்னபடியே ரோடும் வந்தது. பழைய தார்மேல் புதுத் தார். அதன் கீழே அதற்கு முந்தைய ஆட்சியின் தார், அதன் கீழே அதற்கும் முந்தைய ஆட்சி. கீழடியில் குழி வெட்டி அடுக்கு எண்ணுவதுபோல எங்கள் தெருவையும் வெட்டி எண்ணலாம். எந்தத் தேர்தலுக்கு எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடலாம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீடுகளின் மட்டம் மாறாமல்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதம் எழுதினார். நல்ல கடிதம். அந்தக் கடிதத்தின் மேலேயும் ஒரு அடுக்குத் தார் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, ரோடு ஏறியது. வீடுகள் இறங்கின. இறங்கிய வீட்டை என்ன செய்வது? மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் போனால் பார்க்கலாம். ஹரியானாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, அஸ்திவாரத்தைச் சுற்றி உடைத்து, நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே மூன்றடி, நாலடி தூக்குகிறார்கள். லாரி டயர் மாற்றுவதற்கு வைக்கிற அதே ஜாக்கிதான். ஒருவர் எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் ஒரே நேரத்தில் கால் திருகு, கால் திருகாகத் திருப்புகிறார்கள். வீடு நூல் நூலாக எழும்புகிறது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை இதில் போட்டவர்களை எனக்குத் தெரியும். பெண்ணுக்கு என்று வைத்திருந்த நகையைப் போட்டவர்களையும் தெரியும். குடிமகன் சொந்தக் காசில், சொந்த வீட்டை, கவர்ன்மென்ட் ரோட்டுக்கு மேலே தூக்குகிறான். இதற்கும் சொத்து வரி உண்டு.

தூக்கியவர் வீட்டு வாசலில் இனி தண்ணீர் ஏறாது. அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடுமா? தூக்காத பக்கத்து வீட்டுக்குள் போகும். பக்கத்து வீட்டுக்காரரும் கடன் வாங்கித் தூக்கினால் அதற்கடுத்த வீடு. கடைசியில் மிஞ்சுவது, தூக்க வசதி இல்லாதவர் அல்லது தூக்கும் உரிமை இல்லாதவர்: தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். அவருக்கு வெள்ளம் என்பது பால்கனியிலிருந்து எடுக்கிற வீடியோ. கீழே இருப்பவர் ஃப்ரிட்ஜைக் கட்டிலில் ஏற்றி, கட்டிலைச் செங்கல்லில் ஏற்றி, ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாலிதீன் பையில் முடிந்து பரணில் வைத்துவிட்டு, கழிப்பறைப் பீங்கானில் மணல் மூட்டையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார். வெள்ளம் வாசல் வழியாக மட்டும் வருவதாக நினைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாதாளச் சாக்கடை நிறைந்தால் வீட்டுக்குள்ளிருந்தே ஊற்றெடுக்கும். அந்தத் தண்ணீரில் என்ன மிதக்கும் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆய்வுக்கு வருகிறவர்கள் யாரும் அந்த அறைக்குள் வந்து ஆய்வு செய்ததில்லை.

தெருக்களும் வீடுகளைப்போலத்தான். எங்கள் குடியிருப்போர் சங்கம் டீசல் மோட்டாரை வாடகைக்கு எடுத்து, தண்ணீரை இறைத்துக் குறுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் விடும். அந்தப் பக்கத்துச் சங்கம் ராத்திரி மோட்டார் போட்டு இந்தப் பக்கம் விடும். ஒரே தண்ணீரை இரண்டு சங்கங்கள் மாற்றி மாற்றி இறைத்து, டீசல் விற்றவர் மட்டும் பிழைத்த வருடம் உண்டு. கைகலப்பு ஆகி, இரண்டு செயலாளர்களும் முழங்கால் தண்ணீரில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சமாதானம் பேச வந்த போலீஸ்காரர் வண்டி சைலன்சருக்குள் தண்ணீர் போய் அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

வெட்கக்கேடுதான். ஆனால் இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான் ஏறிக்கொள்கிறேன், தண்ணீரை அடுத்தவன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற இந்த வித்தையில் அரசாங்கம்தான் ஆசான். ஏரியில் வீடு கட்டியவன் அனுபவிக்கட்டும் என்று குளுகுளு அறையிலிருந்து சொல்கிறார்களே, ஏரியில் முதலில் வீடு கட்டியது யார்? முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் ஏரியை மனையாக்கி, கூச்சமே இல்லாமல் 'ஏரித் திட்டம்' என்றே அதற்குப் பெயர் வைத்தது. முகவரியில் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். வேளச்சேரி ஏரியை அரசு வாரியங்களே கூறு போட்டு விற்றபிறகு மிஞ்சியது ஐந்தில் ஒரு பங்குதான். பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஹெக்டேர்; இன்று அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மாநகராட்சி அதில் குப்பையைக் கொட்டி மலை எழுப்பியது. மத்திய அரசு தன் பங்குக்குக் கடலை ஆராயும் நிறுவனத்தையும் காற்றை ஆராயும் நிறுவனத்தையும் அதே சதுப்பில் கட்டியது. தண்ணீரை ஆராய ஒரு நிறுவனம் கட்டியிருந்தால் மீதியும் நிரம்பியிருக்கும். மிச்சம் மீதிக்கு 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது, பொன்னாடை போர்த்தினார்கள். செம்மஞ்சேரியில் காவல் நிலையத்தையே நீர்நிலையில் கட்டிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கு. ஏரியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், ஏரிமேல் உட்கார்ந்துதான் எழுதிக் கொடுக்கவேண்டும்.

பெரும்பாக்கத்துக்கு வருகிறேன். இங்கே சிரிப்பு வரவில்லை, மன்னிக்கவேண்டும்.

2015 வெள்ளம் வடிந்ததும் அரசாங்கத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது: ஆற்றோரத்தில் குடியிருப்பது ஆபத்து. அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, பள்ளிக்கூட வருடத்தின் நடுவில்கூட, லாரியில் ஏற்றினார்கள். கரையோரத்துப் பெரிய கட்டடங்களுக்கு அந்த ஆபத்து இல்லைபோலும். அவற்றின்மேல் கை வைக்கவில்லை. ஏற்றிய லாரிகள் போய் நின்ற இடம் பெரும்பாக்கம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், அடுக்கடுக்காக, பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில். முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்கிற ஒரே வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குள் போகவேண்டிய தாழ்நிலத்தில். 2015-இல் அந்த இடமும் மிதந்தது என்று ஊருக்கே தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்துக்குள் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வேலை போயிற்று, பிள்ளைகளின் பள்ளி போயிற்று, தண்ணீர் மட்டும் கூடவே வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்க அவர்களுக்கு வீடும் சொந்தமில்லை, பணமும் இல்லை. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பலகை நல்ல உயரத்தில்தான் மாட்டியிருக்கிறது, நனையாது.

தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில் எத்தனை பேரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெரு வடிகால் மாநகராட்சிக்கு. பிரதான சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறைக்கு. அதில் கலக்கிற சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு. ஏரியும் கால்வாயும் நீர்வளத் துறைக்கு. சதுப்பு வனத்துறைக்கு. நடுவில் தூண் நட்டிருப்பது மெட்ரோ ரயில். மழைக்கு எச்சரிக்கை சொல்வது வானிலை மையம். அது சரியாகச் சொன்னாலும் திட்டு, தப்பாகச் சொன்னாலும் திட்டு. இத்தனை பேருக்கும் தண்ணீர் தாழ்வான இடத்துக்குத்தான் ஓடும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உத்தியோகத்தில் சேர்ந்தபின் கோப்புகள் மேல்நோக்கி மட்டுமே ஓடுவதைப் பார்த்துப் பார்த்து மறந்திருப்பார்கள்.

ஒவ்வொரு வெள்ளமும் 'வரலாறு காணாத மழை'யால் வருகிறது. 2015-இல் வரலாறு காணவில்லை. 2021-இல் மறுபடி காணவில்லை. 2023-இல் சுத்தமாகக் காணவில்லை. வரலாற்றுக்குக் கண் டாக்டரைத்தான் பார்க்கவேண்டும். பார்த்தவர்கள் எழுதிவைத்ததோ நிறைய. 2015 வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்று தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்த விதத்தையும் கேள்வி கேட்டது. அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில், நனைந்த துணியெல்லாம் காய்ந்து கிழிந்த பிறகு. 2021 நவம்பரில் தியாகராய நகர் மூழ்கியது. 'ஸ்மார்ட்' என்று கோடி கோடியாகச் செலவழித்த அதே தியாகராய நகர். 2015-க்குப் பிறகு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பாதி வருடம் தண்ணீருக்கு அழவிடுகிறீர்கள், மீதி வருடம் தண்ணீரில் சாகவிடுகிறீர்கள் என்று உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த ஊருக்கு அது பொருத்தமான திட்டுதான். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் இருந்த குழு, உழைத்தார்கள். 2023 மார்ச்சில் முதல்வர் கையில் அறிக்கையைக் கொடுத்தார்கள். டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அது மக்கள் பார்வைக்கு வரவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது அரசாங்க ரகசியம். எங்களுக்கும் தண்ணீருக்கும் மட்டும் கசிந்துவிட்டது.

கவுன்சிலரைக் கேட்கலாமே என்பீர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லை, தேர்தல் நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு மாநகரம் கேட்க நாதியில்லாமல் கிடந்தது. பிறகு தேர்தல் வந்தது, கவுன்சிலர்களும் வந்தார்கள். வாசலில் வீடு கட்ட மணல் இறங்கினால் அரை மணி நேரத்தில் ஆள் வருகிறது. தண்ணீர் இறங்கினால் அந்த வேகம் காணோம்.

ஆனால் பெரியவர்கள் வருவார்கள், அதை மறைக்கக்கூடாது. 2015 நவம்பரில் அன்றைய முதல்வர் ஆர்.கே. நகருக்கு வந்தார், வேனை விட்டு இறங்காமலே, வெள்ளத்தில் நின்றவர்களை 'வாக்காளப் பெருமக்களே' என்று விளித்தார். உள்ளத்தில் இருப்பதுதானே உதட்டில் வரும். அந்த டிசம்பரில் யாரோ முகம் தெரியாதவர்கள் வெளியூரிலிருந்து அனுப்பிய பிஸ்கட் பாக்கெட்டின்மேல்கூட அவர் படம் ஒட்டினார்கள். 2021-இல் மாநில பாஜக தலைவர் கொளத்தூரில் படகில் போனார். அந்தப் படகைச் சுற்றி மக்கள் சாதாரணமாக நடந்துகொண்டிருந்ததை வீடியோவில் நாடே பார்த்தது. 2023-இல் ரேஷன் கடையில் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வாங்கினோம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கே பத்தவில்லை. அதே மிக்ஜாமில் காரப்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு நடிகர் ட்வீட் போட, தீயணைப்புத் துறை படகோடு போய் மீட்டது. உடன் இருந்த ஆமிர் கானும் அதே படகில் வந்து சேர்ந்தார். தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்லவே மாட்டேன், கழுத்தளவு தண்ணீரில் வேலை செய்தவர்கள் அவர்கள். எங்கள் சங்கம் மட்டும், வாடகைக்கு வருகிறவர்களில் நடிகருக்கு முன்னுரிமை தரலாமா என்று யோசித்தது. வடசென்னைக்கோ தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. எண்ணூரில் மீனவர்கள் வாளியும் குவளையுமாக அதை மொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேம்பாலத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் யாரையும் கேட்கவில்லை. கார்களை ஓட்டிப்போய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவியது; இல்லை என்று காவல்துறை மறுத்தது. கோடிகோடியாய்ச் செலவு செய்த வெள்ளத் தடுப்புப் பணிகளைப் பற்றிப் பொதுமக்களின் மதிப்பீடு இதைவிடத் தெளிவாக எந்தக் கருத்துக்கணிப்பிலும் வராது. கார் இல்லாதவன் எதை எங்கே ஏற்றுவான் என்பதற்கு மேம்பாலத்தில் பதில் இல்லை.

இதே வேளச்சேரியில்தான், 2023 டிசம்பர் மழையில், ஐந்து பர்லாங் சாலையோரம் கட்டடம் கட்டத் தோண்டிய ஆழக் குழிக்குள் மண் சரிந்து இரண்டு பேர் போனார்கள். உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின. அதற்கு முந்தைய வருடம் அக்டோபரில், மழைநீர் வடிகாலுக்கு வெட்டித் தடுப்பு வைக்காமல் விட்ட பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் செத்தார். வெள்ளத்தைத் தடுக்க வெட்டிய பள்ளமே ஒரு உயிரை எடுத்தது. நிவாரணம் அறிவித்தார்கள், இரங்கல் தெரிவித்தார்கள், பள்ளத்தைச் சுற்றி நாலு கம்பு நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். அந்த ரிப்பனைச் சாவுக்கு முந்தின நாள் கட்ட எவ்வளவு செலவாகியிருக்கும்? இதை விபத்து என்று எழுதிக்கொள்ள அவர்களுக்குக் கை கூசவில்லை, நமக்கும் படிக்கக் கண் கூசவில்லை.

எங்கள் சங்கத்தில் கடைசியாக ஒரு முடிவு எடுத்தோம். கோஷம் வேண்டாம், மறியல் வேண்டாம், எண் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மூன்றே கேள்வி: எங்கள் தெருவின் ரோடு லெவல் என்ன? வடிகாலின் அடித்தள லெவல் என்ன? அந்த வடிகால் போய் விழவேண்டிய வாயின் லெவல் என்ன? மூன்று எண்களையும் கொடுத்துவிட்டால் தண்ணீர் போகுமா, போகாதா என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். மந்திரியும் பேட்டி தரவேண்டாம், நாங்களும் கத்தவேண்டாம்.

பதில் வந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கு, அலுவலக நேரத்தில் நேரில் வந்து ஆவணங்களைப் பார்வையிட்டுக்கொள்ளலாம் என்று. போனபோது ஆவணம் வைத்திருப்பவர் ஃபீல்டில் இருந்தார். மூன்றாவது கேள்வி இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல என்று பிரிவு 6(3)-இன் கீழ் வேறொரு துறைக்கு மாற்றப்பட்டது. அந்தத் துறை இன்னொரு துறைக்கு. அது மூன்றாவது ஒன்றுக்கு. எங்கள் தெருத் தண்ணீர் இதுவரை போகாத தூரத்தையெல்லாம் எங்கள் மனு போய்ப் பார்த்துவிட்டு, கடலைத் தொடாமல் பழைய அலுவலகத்துக்கே திரும்பி வந்து தேங்கியது. மேல்முறையீடு செய்தோம். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முனை தாண்டுவதற்குள் போன் வந்தது. ஆரஞ்சு எச்சரிக்கையாம், அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், மறு தேதி தபாலில் வருமாம்.